உறைகலத்துத் தாய்

சக்திக்கனி கடலடியிலிருந்து ஏறி வந்த அன்று மூன்று முறை குளித்தாள். அப்படியும் உடம்பிலிருந்து இரும்பு வாடை போகவில்லை. ஈரத் தலையோடு ஓடிப்போய், தொட்டிலில் கிடந்த மகளைத் தூக்கினாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தது. கழுத்தை மோந்தது. பிறகு உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தத் தொடங்கியது.

"கீழ போடு. பிள்ளைக்கு மூச்சு முட்டுது," என்றாள் தங்கபுஷ்பம். அவள் சக்திக்கனியின் கணவன் சுயம்புவுக்கு அக்காள்.

"பசியா இருக்கும் மைனி."

"பசி எங்கன இருக்கு? இப்பதான ஒன்னக் குடிச்சிச்சு."

இதைக் கேட்டு நீங்கள் பதறுவீர்கள். அந்த ஊரில் யாரும் பதறுவதில்லை. புதுத்துறையில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். "காலையில என்னக் குடிச்சிட்டு ஒறங்குதா?" என்று தாய்மார்கள் கடலுக்கடியிலிருந்து தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அடுப்படி மேடையில் சிறு குடம் அளவில் உட்கார்ந்திருந்த உறைகலம்தான் எல்லா வீட்டிலும் பால் கொடுத்தது.

அதற்கு முன்னாலெல்லாம் கலப்புப்பால்தான். தாய்க்கு ஊறியது பாதி, மாவு கரைத்தது பாதி. புட்டி கொடுக்கக் கொடுக்கப் பிள்ளை மாரை மறக்கும். பிள்ளை மறக்க மறக்க மாரும் ஊற மறக்கும். குறையை நிரப்ப வந்த மாவே குறையைப் பெருக்கியது. ஊர் வாய் வேறு சும்மா இருக்காது. "என்னட்டி, பால் பத்தலியா? சுறாப்புட்டு தின்னியா? பூண்டு தின்னியா?" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அவள் நெஞ்சையே பார்த்துக் கேட்பார்கள். பெற்றவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

அந்தப் பாவப்பட்ட பெண்களுக்காகத்தான் உறைகலத்தைக் கண்டுபிடித்தார்கள். பெரிய மாயம் ஒன்றும் இல்லை, தயிருக்கு உறை ஊற்றுகிற சங்கதிதான். தாய்ப்பாலில் உயிருள்ள துகள்கள் உண்டு. கரைத்த பால்மாவைத் தன் தாயின் பாலாகவே மாற்றிவிடும்படி அந்தத் துகள்களைப் பழக்கிவிட்டார்கள். உடம்புச் சூட்டில் இருக்கும் கலத்தில் ஒரு கரண்டி தாய்ப்பாலை ஊற்றி, மேலே மாவுநீரை நிரப்பி மூடினால் விடியும்போது கலம் முழுக்க அவள் பால். அடியில் ஒரு குழி இருக்கும். அதில் தங்குவது மறுநாளைக்கு உறை. புட்டிக் காம்பில் நாவறி என்றொரு சில்லு. அது பிள்ளையின் எச்சிலைச் சுவைத்துப் பார்த்து, சளி என்றால் சளிக்கும் சூடு என்றால் சூட்டுக்கும் தக்கபடி பாலைத் திருத்திக்கொடுக்கும்.

தாய்மார்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால், கலத்துப் பால் என்றாலும் புட்டிப்பால்தானே என்று மாமியார்கள் முகத்தைச் சுளித்தார்கள். பெண்கள் விடவில்லை. கூட்டம் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். "உறைகலத்துப் பாலும் தாய்ப்பாலே" என்று சட்டம் வந்தது. அன்றைக்குப் புதுத்துறையில் தெருத்தெருவாய் மஸ்கோத்து அல்வா கொடுத்தார்கள். கைப்பிள்ளையே இல்லாத சக்திக்கனியும் வாங்கித் தின்றாள்.

சட்டத்தை எழுதியவர்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஊர்ப் பெண்களுக்குக் கடலடியில் வேலை கொடுத்த நிறுவனத்து வக்கீல்கள் மேலும் ஒரு வரி படித்தார்கள். பால் இருக்கும் இடத்தில் தாய் இருக்கிறாள். தாய்தான் வீட்டில் இருக்கிறாளே, அப்புறம் இந்தப் பெண்ணுக்கு எதற்கு விடுப்பு?

அப்படித்தான், பெற்ற மூன்றாம் நாள் சக்திக்கனி ஒரு கரண்டி பால் பீச்சிக் கொடுத்துவிட்டு, நாலாம் நாள் இறங்குகூண்டில் ஏறினாள். கடலுக்கடியில் ஆழ்மனை என்றொரு இரும்பு வீடு. அங்கிருந்து மணலில் கிடக்கும் உலோகக் கட்டிகளை இயந்திரக் கையால் பொறுக்க வேண்டும். முதல் வாரம் பால் கட்டிக்கொண்டு மார் கல்லாய்ப் போனது. அங்கே இருந்த மருத்துவப் பெட்டி ஒரு மாத்திரை கொடுத்தது. பிறகு வலி இல்லை, பாலும் இல்லை.

கணவன் மனைவி இருவருக்கும் ஒரே இயந்திரக் கைதான் வேலை. அவள் கரையேறினால் அவன் இறங்குவான். கூண்டு வாசலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொள்வார்கள். இந்த முறையும் அப்படித்தான் பேசினார்கள்.

"பிள்ளை எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"ஒன்ன மாதிரியே மொறைக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான் சுயம்பு.

கலத்தைக் காப்பவளைக் கலக்காரி என்பார்கள். கலக்காரிக்குக் கரையில் வேலையும் ஒரு அறை வீடும் உண்டு. பிள்ளை கலத்தோடு இருக்கும். இதுவரை தங்கபுஷ்பம்தான் கலக்காரி. கலம் தன் கைக்கு வந்தால் சக்திக்கனி இனிக் கடலடிக்குப் போக வேண்டாம். பிள்ளை தவழ்வதையும் நிற்பதையும் பார்க்கலாம். வராவிட்டால், சுயம்பு ஏறும் நாளில் அவள் இறங்க வேண்டும். மறுபடி வரும்போது பிள்ளை நடந்துகொண்டிருக்கும், வேறு யாரையோ நோக்கி.

அதனால் அவள் பணிவாகத்தான் தொடங்கினாள்.

"மைனி, ஒரு கரண்டி உறை தாங்க. நானும் ஒரு கலத்துல ஊத்தி வச்சுக்கிடுதேன்."

"விளக்கு வச்சாச்சு. விளக்கு வச்ச பொறவு உறைய வெளிய குடுப்பாவளா யாராவது?"

மறுநாள் காலையில் கேட்டாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா. வீட்டு லெச்சுமியத் தூக்கிக் குடுக்கச் சொல்லுத."

சனிக்கிழமை கேட்டாள்.

"பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது. இந்த நேரம் உறையப் பிரிச்சா பால் நீத்துப்போவும்."

"அது எம் பாலு மைனி."

"ஒம் பாலுதான். யாரு இல்லங்கா? நீ ஒரு கரண்டி பீச்சிக் குடுத்துட்டு எறங்கிட்ட. அதப் புளிக்க விடாம இத்தன மாசம் காப்பாத்துனது எங் கை. ராத்திரி எத்தன தரம் எந்திரிச்சேன்னு ஒனக்குத் தெரியுமாட்டி? கலத்த மடியில வச்சிக்கிட்டு ஒறங்கியிருக்கேன்."

தங்கபுஷ்பம் சொன்னதில் பொய் இல்லை. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பிள்ளை அவள் தோளில் ஏறியதும், போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததுபோல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டது.

சக்திக்கனி கடலடிக்குப் பேசினாள். சுயம்புவின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து கரகரத்தது.

"அக்காகிட்ட எதுக்கு மல்லுக்கட்டுத? பிள்ளை நல்லா இருக்குல்லா?"

"என்னக் கண்டா அழுது."

"நான் வந்தாலும் அழத்தான் செய்யும். பழகிக்கிடணும்."

அவள் பழகிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை, பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்க்கும் மகவு மன்றத்துக்குப் போனாள்.

மகவு மன்றத்தில் கோமதி என்ற அலுவலர் இருந்தார். குளிர்ந்த குரல், வெற்றிலைச் சிவப்பு உதடு. தங்கபுஷ்பத்தைக் கலத்தோடும் பிள்ளையோடும் வரச்சொல்லி ஆள் போயிற்று. அவள் பிள்ளையை ஒரு இடுப்பிலும் கலத்தை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு வந்தாள்.

அலுவலர் கலத்திலிருந்து ஒரு துளியும் சக்திக்கனியின் விரலிலிருந்து ஒரு துளி ரத்தமும் எடுத்து, ஒரு தட்டில் வைத்து இயந்திரத்துக்குள் தள்ளினார். இரண்டும் ஒருவருடையவைதான் என்று அது சொல்லிவிட்டது.

"யம்மா, இந்தப் பால் அவளுதுன்னு எனக்கும் தெரியும்," என்றாள் தங்கபுஷ்பம். "நான் கேக்கது வேற. தூங்காம கெடந்தது யாரு? மாவு கரைச்சது யாரு? பிள்ளை யாரு மேல சாயுதுன்னு நீங்களே பாருங்களேன்."

"பார்த்தேன்மா. ஆனா சட்டத்துல கை வராது, பால்தான் வரும். கையைக் கணக்குல எடுத்தா நாளைக்கு ஆயா, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் நான்தான் தாய்னு வந்து நிப்பாங்க. அதுக்காகத்தான இத்தனை பேர் போராடினாங்க? பால்தான் தாய்."

சக்திக்கனி அப்போதே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"கேட்டேளா மைனி? பால்தான் தாய். கை வெறும் கைதான்."

தங்கபுஷ்பம் கலத்தைக் குனிந்து தரையில் வைத்தாள். பிள்ளையை அதன் பக்கத்தில் உட்காரவைத்தாள். உட்காரப் பழகாத பிள்ளை சாய்ந்து விழுந்தது. அதையும் தூக்கவில்லை.

"கலத்தப் பத்தி ஏதாவது கேக்கணுமாட்டி?" என்றாள் வாசலில் நின்று.

"எம் பாலப் பத்தி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்."

"சரி."

அந்தச் 'சரி'யை அவள் சொன்ன விதத்தை அலுவலர் கவனித்தார். அதற்குமேல் கேட்பது அவருடைய வேலை இல்லை.

நிறுவனம் சக்திக்கனிக்குக் கடலோரம் ஒரு அறை கொடுத்தது. செவ்வாய்க்கிழமை குடிபோகக் கூடாது என்று மன்றத்து வராந்தாவிலேயே ஒரு நாள் படுத்திருந்து, புதன்கிழமை விடியலில் போனாள். ஒரு பெட்டி, ஒரு பிள்ளை, ஒரு கலம். பக்கத்து அறை எஸ்தர் கதவுக்கு வந்தாள். அவளும் ஆழ்மனைக்காரிதான், முழங்கால் போனதால் கரையில் இருந்தாள்.

"குடி வந்தாச்சா? பால் காச்சினியா?"

"எங்கக்கா? இனிமேத்தான்."

"பால் காச்சாம எப்படித் தங்குவ? நாங்களே ஜெபம் பண்ணிட்டுக் காச்சினோம். பொங்கி வழியணும், அப்பதான் வீடு வீடா இருக்கும்."

அந்த ஊரில் மாடு இல்லை. மாட்டைப் படத்தில்தான் பிள்ளைகள் பார்த்தார்கள். கடையில் விற்ற சோயாக் கரைசல் கொதிக்கும், பொங்காது. ஓரத்தில் நுரை கட்டிக்கொண்டு அப்படியே அடங்கிவிடும். எஸ்தர் குடிவந்த நாளில் பெரிய விலை கொடுத்து டின்பால் வாங்கியிருந்தாள். இப்போது அதுவும் கிடைப்பதில்லை.

சக்திக்கனி கலத்தைப் பார்த்தாள். வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவளுக்கென்று ஒரு கதவு, ஒரு அடுப்பு, இடுப்பில் பிள்ளை. வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தா இதைத் தொடங்குவது?

"இருக்குக்கா பாலு," என்றாள்.

பெட்டியிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக் குங்குமம் வைத்தாள். கலத்தைச் சாய்த்து ஊற்றினாள். முந்தின இரவு மாவுநீர் விட்டு மூடியிருந்தாள்; விடியற்காலைக் கலம், நிறைய இருந்தது. அடிக்குழி வரை வழித்து ஊற்றினாள். உறையைக் குழியிலேயே விட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சோயாத் தயிர் என்றால் தெரியும். பாலுக்கு உறை ஊற்றுவதை அவள் கண்ணால் கண்டதில்லை.

பால் பொங்கியது. ஆடை கட்டி, உப்பி, விளிம்பைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. எஸ்தர் கைகூப்பிக் கண்ணை மூடினாள். சக்திக்கனி குலவை போட்டாள். பிள்ளை அந்தச் சத்தத்துக்கு மிரண்டு, பிறகு அடங்கி அவளை உற்றுப் பார்த்தது. அழாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை.

காய்ச்சின பாலை எல்லோருக்கும் ஒரு வாய் கொடுக்க வேண்டும். எஸ்தர் தம்ளரை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"இது யாரு பாலு மக்கா?"

"எனக்கு உள்ளதுதான். குடிங்க."

எஸ்தர் ஒரு மடக்குக் குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. சீனி போட்டிருக்கலாம்," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மீதியைக் கொட்ட மனம் வருமா? அது பிள்ளையின் சாப்பாடு. கொதி ஆறுவதற்குள் கலத்திலேயே திருப்பி ஊற்றி, அளவுக்கு மாவுநீரும் விட்டு மூடினாள். கலத்தின் பச்சை விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டாள்.

மதியம் பிள்ளை எழுந்து வாயைச் சப்புக்கொட்டியது. சக்திக்கனி புட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் இழுத்ததும் பிள்ளை துப்பியது. நாவறி ஒரு சிறு ஒலி எழுப்பி ஓய்ந்தது. கலத்தைத் திறந்து பார்த்தாள். மேலே மஞ்சள் நீர், அடியில் மாவு வண்டல். கரண்டியை விட்டுக் கலக்கினாள். கலக்கக் கலக்க ஒன்றாவதுபோல் இருக்கும், கரண்டியை எடுத்ததும் பிரியும்.

பிள்ளையின் அழுகை ஏறிக்கொண்டே போனது. அவள் ரவிக்கையைத் தளர்த்தி மாரைக் கொடுத்தாள். பிள்ளை மோந்து பார்த்தது. ஒரு கணம் பற்றிக்கூட இழுத்தது. ஒன்றும் வராமல் முகத்தைத் திருப்பி, அடிபட்டதுபோல் கத்தியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மறு பக்கத்தைக் கொடுத்தாள். இறங்குகூண்டில் போன நாளிலிருந்து அவளுக்கு வராத அழுகை அப்போது வந்தது.

உறைகலம் தன் நிலைமையைத் தானே மன்றத்துக்குச் சொல்லிவிடும். வெயில் சாயும் முன்பே கோமதி வந்துவிட்டார். பின்னால் தங்கபுஷ்பம், கையில் ஒரு பையோடு.

அலுவலர் கலத்தைத் திறந்தார், ஒரு துளி எடுத்தார், இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். மன்றத்துக்காரர்கள் துக்க வீட்டுக்குள்தான் அப்படி வருவார்கள்.

"தாய் இறந்துட்டாங்க," என்றார்.

"யாரு?"

"இந்தப் பிள்ளையோட தாய். சக்திக்கனி."

"நான்தான சக்திக்கனி? இங்கன நிக்கேன்லா?"

"நீங்க நிக்கீங்கம்மா. தாய் இல்ல. துகள் எல்லாம் கருகிப்போச்சு. காய்ச்சினீங்களா?"

"வீட்டுக்குப் பால் காச்சினேன். எல்லாரும் செய்யதுதான? காச்சக் கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

தங்கபுஷ்பம் பையைத் தரையில் வைத்தாள். "கேட்டேன்லாட்டி? ஏதாவது கேக்கணுமான்னு கேட்டேன்லா?"

இதற்குள் பிள்ளையின் குரல் கம்மிவிட்டது. தங்கபுஷ்பம் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். வெறும் பால்மா. எஸ்தர் வீட்டிலிருந்து வெந்நீர் வாங்கி, தம்ளரில் கரண்டியால் கட்டி இல்லாமல் கலக்கினாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தி, சங்கில் ஊற்றிப் புகட்டினாள். பிள்ளை முதல் வாயை நாக்கால் தள்ளியது. இரண்டாவதை யோசித்தது. மூன்றாவதிலிருந்து 'மடக் மடக்' என்று குடித்தது. தாயும் இல்லாமல், உறையும் இல்லாமல், வெறும் மாவும் தண்ணீரும்.

அறையில் மூன்று பெண்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குடிக்குது," என்றாள் சக்திக்கனி மெதுவாக.

"பசிச்சா குடிக்கும்," என்றாள் தங்கபுஷ்பம். "அந்தக் காலத்துல இதத்தான கலந்து கொடுத்தாவ. யாரு செத்தா?"

"அப்ப எனக்கும் கலக்கத் தெரியும். தாங்க மைனி, நான் குடுக்கேன். இதுக்கு எந்தப் பால் வேணும்? மாவும் வெந்நியும்தான?"

அவள் கையை நீட்டினாள். அலுவலர் குறுக்கே வந்தார். கடுமையாக ஒன்றும் பேசவில்லை. இப்படிப் பல வீடுகளைப் பார்த்தவர்.

"பால் இருக்குற பிள்ளைக்குப் பால்தான் கணக்கு. பால் போன பிள்ளை தாயில்லாப் பிள்ளை. அதுக்கு மட்டும் கையைப் பார்ப்போம். இதுவரைக்கும் வளர்த்த கை யாருதோ, அவங்ககிட்டத்தான் கொடுக்கணும்."

"நான் பெத்தவ."

"பெத்தவங்கன்னு ஒரு இடம் இதுல இல்லம்மா. முன்னாடி இருந்துச்சு. கலத்துப் பாலும் தாய்ப்பால்தான்னு ஆனதும் எடுத்துட்டாங்க. நீங்கள்லாம் கேட்டு வாங்கினதுதான."

சக்திக்கனி தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். மன்றாடினால் கிடைக்கும் என்றால் அப்போது காலில் விழுந்திருப்பாள். தங்கபுஷ்பம் அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையை நிமிர்த்தி, முதுகைத் தடவி ஏப்பம் விடவைத்துக்கொண்டிருந்தாள். ஏப்பம் வந்ததும் பிள்ளையின் தலை அவள் தோளில் விழுந்தது. தங்கபுஷ்பத்தின் முகத்தில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தூக்கம்தான் வந்தது.

அலுவலர் கைப்பலகையை எடுத்து, இறப்பைப் பதியத் தொடங்கினார். பெயர் சொன்னார், ஊர் சொன்னார், எல்லாவற்றுக்கும் சக்திக்கனி தலையாட்டினாள். உடலை என்ன செய்வது என்று கேட்டார். அவள் கலத்தைப் பார்த்து, தெரியவில்லை என்றாள். கடலில் ஊற்றலாம் என்று அவரே எழுதிக்கொண்டார்.

"இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவு?"

சக்திக்கனி வாசலைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் பிள்ளையோடு படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டிருந்தாள்.

"மூணு நாள் பழக்கம்," என்றாள்.

அப்படி ஒரு கட்டம் பலகையில் இல்லை. அலுவலர் மேலும் கீழும் தேடிவிட்டு, 'மற்றவர்' என்பதைத் தொட்டார்.